கடைசியில் ஒதுக்கி வைத்த துண்டு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நிவேதா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். குழந்தைக்குப் பல் முளைப்பது, அங்கே பெய்யும் மழை, வேலைக்கார அம்மா போட்ட லீவு என்று ஊரையெல்லாம் சுற்றினாள். வகுப்பில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு இது தெரியாதா என்ன. இப்படிச் சுற்றி வளைத்தால் பின்னால் ஒரு காரியம் இருக்கிறது.

"அத்தை, அப்பாவுக்கு ஆவணி கடைசில அறுபதாங் கல்யாணம் வெச்சிருக்குது. அவங்க கல்யாண கேசட்டைக் கடையில குடுத்துப் பென்டிரைவுக்கு மாத்தி வாங்கிட்டேன். மூணு மணி நேரம் ஓடுது. அதை எட்டு நிமிசமாச் சுருக்கி மண்டபத்துல போடோணும். நீங்கதான் பண்ணித் தரோணும்."

"அதுக்குன்னே கடை வெச்சிருக்காங்களே கண்ணு."

"கடைக்காரனுக்கு யாரு என்ன உறவுன்னு தெரியுமா அத்தை? தாத்தாவை வெட்டிப்போட்டு சமையக்காரரை வெச்சிருவான்."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது.

நிவேதாவின் அப்பா எனக்கு யார் என்பதையும் எழுதி வைக்கிறேன். உடன்பிறந்தவர், எனக்கு மூத்தவர். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. நிவேதா அந்தப் பாலக்காட்டுப் பையன் ஜிதினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். பேத்தி பிறந்ததும் மகள் மேல் இருந்த கோபம் போயிற்று, மருமகன் மேல் இருந்ததும் போயிற்று. இப்போது பண்டிகைக்குப் பண்டிகை மருமகனுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறார்களாம். சாட்சி மேல் இருக்கிற கோபம் மட்டும் வாடாமல் இருக்கிறது. விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு கிடையாது.

அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. வீடியோ வெட்டுவது பிடித்த வேலை, அதனால் ஒத்துக்கொண்டேன்.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் அத்தை" என்றாள், போனை வைக்கும்போது.

ஆகஸ்ட் 7, புதன்

பென்டிரைவ் கூரியரில் வந்தது. மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தேன். ஊரடங்குக் காலத்தில் பத்தாம் வகுப்புக்குத் தாவரவியல் பாடங்களை இதில்தான் வெட்டி ஒட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு திறக்கவே இல்லை.

திரையின் ஓரத்தில் நான் அன்றைக்கு ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. "அனுப்பும் முன் கடைசி வரை பார்." அதற்கு ஒரு கதை உண்டு. மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில் வேண்டாத ஒரு துண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டைம்லைனின் கடைசியில் தூரமாக ஒதுக்கி வைத்தேன். அதை மறந்து எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டேன். இந்த மென்பொருள் கடைசித் துண்டு எங்கே கிடக்கிறதோ அதுவரைக்கும் சேர்த்துத்தான் படமாக்கித் தரும். நடுவில் ஒன்றும் இல்லாத இடமெல்லாம் கருப்பாக ஓடும். பாடம் முடிந்து, ஒரே இருட்டாக ஓடி, எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைக்கும்போது என் குரல் வரும். "ஏனுங்க, குக்கர் எத்தனை விசில் ஆச்சு?"

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் முழுக்க எனக்குக் குக்கர் மிஸ் என்று பெயர்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். படம் முழுவதையும் டைம்லைனில் இழுத்துப் போட்டேன். எங்கள் தமிழாசிரியை மல்லிகா இருந்தால் காலக்கோடு என்று சொல்லாமல் விடமாட்டாள். மேலே நீல நிறத்தில் படம், கீழே பச்சை நிறத்தில் சத்தம். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அதைப் பிடித்து எங்கே வைக்கிறோமோ அந்த நிமிஷம் திரையில் வருகிறது. கொஞ்சம் இடது பக்கம் இழுத்தால் மாப்பிள்ளை அழைப்பு. கொஞ்சம் வலது பக்கம் போனால் பந்தி. காங்கேயத்து மண்டபம் அப்படியே இருக்கிறது.

தெர்மகோலில் வெட்டி ஜிகினா தூவிய பெயர்கள். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி கனகாம்பரம். வெளிச்சம் மூஞ்சியில் அடித்ததும் கைக்குட்டையால் மறைத்துக்கொள்கிற சித்தப்பா. வீடியோக்காரர் திறமையையெல்லாம் கொட்டியிருக்கிறார். தாமரைப்பூ விரிந்தால் உள்ளே மணப்பெண், இதய வடிவம் சுழன்றால் உள்ளே மாப்பிள்ளை. முழுக்க முழுக்க சினிமாப் பாட்டு. மண்டபத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காது. அந்தக் காலத்தில் அப்படிப் போட்டால்தான் நல்ல கேசட் என்று பெயர்.

அப்பா ஒரு தடவை கேமராவுக்குக் குறுக்கே போகிறார், தோளில் துண்டு, கையில் சாவிக் கொத்து. இரண்டு நொடி இருக்குமா? கோட்டைப் பிடித்து இழுத்து இழுத்து அவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். பால்காரர் மணி அடித்தபோதுதான் சாயங்காலம் ஆனது தெரிந்தது. வெகு காலத்துக்குப் பிறகு ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

மௌஸ் பிடித்ததில் வலது மணிக்கட்டு லேசாகப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து "வலிக்குதா" என்றார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்றைக்கு நிறைய வெட்டினேன். கத்திப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, கோடு நிற்கிற இடத்தில் ஒரு தட்டு, இன்னொரு இடத்தில் ஒரு தட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிடலாம். எடுத்தால் அந்த இடம் காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தை அழுத்தி மூடச் சொன்னால் வலது பக்கம் இருப்பதெல்லாம் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தால் நடுவில் ஒன்று இருந்ததாகவே தெரியாது.

பந்தியில் சாப்பிடுகிறவர்களை முக்கால்வாசி எடுத்துவிட்டேன். வாயில் லட்டு இருக்கும்போது வெளிச்சம் அடித்தால் யார்தான் என்ன செய்வார்கள். வேலாத்தா பெரியம்மா மட்டும் நேராகக் கேமராவை முறைத்துக்கொண்டு பாயசம் குடிக்கிறார். அதை விட்டுவைத்தேன்.

மணப்பெண் சாந்தாமணி, எனக்கு அண்ணி, நான் நங்கையா என்று கூப்பிடுவேன். அழகாக இருந்திருக்கிறாள். பக்கத்தில் நிற்கிறவரும் அப்போது நன்றாகத்தான் இருந்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இணைச்சீர் வந்தது. வரும் என்று தெரியும். தள்ளித் தள்ளிப் போட்டேன், வேறு வேலைகள் இருந்தன.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவருடைய தங்கையை நிறுத்திச் செய்கிற சீர் இது. தங்கையும் கல்யாணப் பெண் மாதிரியே அலங்காரம் செய்துகொண்டு வருவாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூரைச் சேலையின் ஒரு முனை அண்ணன் கக்கத்தில் இருக்கும், மறுமுனை தங்கை கையில் ஏந்திய மூங்கில் பேழைமூடியில் இருக்கும். இனி வேறு குடும்பம் வந்தாலும் இவளும் உனக்குச் சரிசமம் என்று ஊருக்குச் சொல்வதற்காக. இணைச்சீர் நின்றவளுக்கு அண்ணன் பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்கிற உரிமையும் உண்டு. நிவேதா பிறந்த அன்றைக்கே என் அருணுக்கு என்று பேசிவிட்டார்கள். பெரியவர்கள்தான் பேசினார்கள், அது இரண்டும் அண்ணன் தங்கை மாதிரி அடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. அருண் சென்னையில் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். நிவேதா ஜிதினைச் சொன்னாள். என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"உனக்குக் குடுத்த உரிமையத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டயே." கடைசியாக அவர் என்னிடம் பேசியது இதுதான்.

படத்தில் நான் மாம்பழ நிறப் பட்டில் வருகிறேன். ஒல்லியாக, கண் உள்ளே போய். அந்த வருஷம் தை மாதம் எனக்குக் குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தது. முதல் குழந்தை. மேடைக்கு வரமாட்டேன் என்று பின்னால் அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து "எந்திரிச்சு வா கண்ணு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். குழந்தையை இழந்தவள் சீரில் நிற்கக் கூடாது என்பார்கள், அப்பா பெரியவர்களிடம் பேசி முடித்துத்தான் என்னை நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவரை நினைக்காத நாள் இல்லை.

நான் மேடைக்கு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வேலாத்தா பெரியம்மாவைப் பார்த்து என்னவோ வாயசைக்கிறார். பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டிருப்பார்.

ஆகஸ்ட் 21, புதன்

நிவேதா பேசினாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"அத்தை, அம்மா ஒண்ணு சொன்னாங்க. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"இணைச்சீரை எடுத்தறச் சொல்றாங்க. அப்பா அதைப் பாத்துட்டு மேடையில இருந்து எந்திரிச்சுப் போயிட்டார்னா சங்கடம்னு பயப்படறாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அத்தை."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்குது. எட்டு நிமிசத்துல எதையாச்சும் எடுத்துத்தானே ஆகோணும்" என்றேன்.

அழுதுவிடுவாள் போல இருந்தது. குழந்தை அழுகிறது, போய்ப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

எடுத்துவிட்டேன். காலி இடத்தையும் மூடிவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் நேராகத் தாலி கட்டுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சாயங்காலம் கொத்தமல்லி விதைத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இவர் தொலைக்காட்சியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தாங்காமல் அவருடைய பழைய இயர்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் செத்துப் போயிருந்தது, வலது காதில் மட்டும்தான் கேட்டது.

கேட்டது பாட்டு இல்லை. பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம், நாதஸ்வரம். "ஏ சுப்பு, வாழக்கொலைய அந்தப் பக்கம் சாய்டா" என்று அப்பாவின் குரல்.

அந்த வீடியோக்காரர் சினிமாப் பாட்டை ஒரு பக்கத்தில் மட்டும் பதித்திருக்கிறார். மறுபக்கத்தில் கேமரா கேட்டதெல்லாம் அப்படியே கிடக்கிறது. ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்து வரும்போது பாட்டு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இத்தனை வருஷமும் அந்த மண்டபம் பாட்டுக்கு அடியில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

பச்சைப் பட்டையை இரண்டாகப் பிரித்து இடது பக்கத்தை ஊமையாக்கினேன். பிறகு, சும்மா பார்க்கலாம் என்று, வெட்டி எடுத்த இணைச்சீரைத் திரும்பக் கொண்டுவந்து கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

வேலாத்தா பெரியம்மா, சீர் செய்து வைக்கிற அருமைக்காரரிடம்: "செத்த இருங்க. லோகநாயகிக்கு இப்பத்தான் அப்படி ஆயிருக்குது. அவ வந்து நிக்கறது அவ்வளவு நல்லா இருக்காது. அவங்க சித்தப்பன் புள்ள தேவிய நிறுத்துங்க, ஒரு பேச்சும் இருக்காது."

அருமைக்காரர், மாப்பிள்ளையிடம்: "உங்க அப்பா என்ன சொல்றாரு?"

அப்பாவின் குரல், சின்னதாக: "பெரியவங்க சொல்றபடி பண்ணிரலாங்க."

அதற்குப் பிறகு அண்ணன். நான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்த இடம்.

"லோகு நிக்கலீன்னா நானும் நிக்கலீங்க. பொண்ணூட்டுக்காரங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க. அப்பா, போய் அவளைக் கூட்டிட்டு வாங்க."

அதற்கு மேல் நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. அப்புறம் நான் வருகிறேன். மூடியை என் கையில் வைக்கிறார்கள். அண்ணன் குனிந்து, உதடு அசையாமல்:

"கை வலிக்குதா லோகு? வலிச்சாச் சொல்லு, நான் ஒரு கை புடிச்சுக்கறேன்."

"வலிக்கலீங்ணா."

இவர் விளம்பர இடைவேளையில் திரும்பிப் பார்த்து "என்ன புள்ள, கண்ணுல தண்ணி?" என்றார். இயர்போன் காதைக் குத்துகிறது என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மழை. துணி காயவில்லை. சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

அப்பா மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பயந்த மனிதர். பெரியம்மா மேலும் வரவில்லை. அண்ணன் மேல்தான் வருகிறது. இதைச் செய்துவிட்டு ஒரு நாள், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். "அன்னைக்கு உனக்காக நான் நின்னேன்" என்று நாங்கள் சண்டை போட்டபோதாவது சொல்லிக் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன். அவன் சொல்லவில்லை.

சிறுவயதில் இரண்டு பேரும் சென்னிமலைப் படி ஏறும்போதும் இப்படித்தான். என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தனக்குக் கனமே தெரியாத மாதிரி சீட்டி அடித்துக்கொண்டு முன்னால் போவான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய பிள்ளைகள் சிலர் கூப்பிட்டார்கள். பிரவீணா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "குக்கர் மிஸ், இன்னும் வீடியோ போடறீங்களா? இப்பல்லாம் கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தானே அனுப்பறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்தது. இவர் நாலாவதை வாயில் போட்டுக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"நிவேதா எங்கிட்டயும் பேசுச்சு. மாமா, நீங்களாச்சும் வாங்கன்னு. நான் போயிட்டு வரட்டுமா?"

"போங்க. நானா புடிச்சு வெச்சிருக்கறேன்."

"நீயும் வாயேன். அண்ணன் ஊட்டு விசேசத்துக்கு அழைப்பு என்னத்துக்கு."

"கூப்பிடாத பந்தியில உக்காரச் சொல்றீங்களா?"

ஐந்தாவதை எடுத்துக்கொண்டார்.

அந்தக் குரலைப் படத்தில் சேர்த்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால், நல்ல இடத்தில், சபை நிறைந்திருக்கும்போது. வேண்டாம். நிவேதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவும் இல்லாமல், நாலு பேருக்கு முன்னால் வைத்து அவனை மடக்கின மாதிரி ஆகிவிடும். நான் யாரிடமும் போய்க் கெஞ்சவும் மாட்டேன், யாரையும் மடக்கவும் மாட்டேன். மூன்று நிமிஷத் துண்டு அது. அழிக்க மனசு வரவில்லை. டைம்லைனின் கடைசியில், தூரமாக, ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பாட்டை எடுத்துவிட்டு, படமும் குரலும் மட்டும். அங்கே இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பாப்பா பிள்ளையார் ஸ்டிக்கர் கொண்டுவந்து கொடுத்தது. மடிக்கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒட்டியிருந்த சீட்டு மறைந்துவிட்டது. பரவாயில்லை, எழுத்தும் மங்கித்தான் போயிருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

படம் முடிந்தது. எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுத் துவரம்பருப்பு வாங்கப் போனேன். வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நிமிஷப் படத்துக்கு இவ்வளவு நேரமா என்று இவர் கேட்டார். பழைய மெஷின் என்றேன்.

பென்டிரைவைத் தொலைக்காட்சியில் செருகிப் போட்டுப் பார்த்தோம். நன்றாக வந்திருக்கிறது. அப்பா சாவிக் கொத்தோடு நடக்கிறார். பெரியம்மா பாயசம் குடிக்கிறார். நங்கையா வெட்கப்படுகிறாள். கடைசியில் காரில் ஏறிக் கையசைக்கிறார்கள், மெதுவாக இருட்டுகிறது.

"அருமையா இருக்குது புள்ள" என்றார் இவர். ரிமோட்டை எடுத்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கீழ இன்னும் பாக்கி நேரம் காட்டுதே?"

"சும்மா கருப்பாத்தான் ஓடும். நிறுத்துங்க, தோசை ஆறுது."

நிறுத்திவிட்டார். தோசைக்கு முன்னால் இவருக்கு உலகத்தில் எதுவும் பெரிதில்லை.

செப்டம்பர் 14, சனி

இவருடைய பட்டு வேட்டிக்கு இஸ்திரி போட்டேன். மாம்பழ நிறப் பட்டு அலமாரியின் அடியில் இருந்தது, அதையும் எடுத்து உதறி மடித்து வைத்தேன். பூச்சி வந்துவிடக் கூடாது.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இவர் காலையிலேயே பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியம் இல்லை. கொத்தமல்லி இலை விட்டிருக்கிறது.

பன்னிரண்டரை மணி வாக்கில் போன் வந்தது. இவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஏ புள்ள, என்ன பண்ணி வெச்சிருக்கற நீ?"

"என்ன ஆச்சு?"

"படம் போட்டாங்க. எல்லாரும் பாத்தாங்க, கை தட்டுனாங்க. முடிஞ்சு இருட்டாச்சு. பந்தி போட்டுட்டாங்கன்னு மண்டபமே எந்திரிச்சுப் போயிருச்சு. திரை போடற பையனும் எலை புடிக்கப் போயிட்டான், ஒருத்தனும் நிறுத்தல. நானு, நிவேதா, மச்சான், உன்ற நங்கையா, நாலே பேரு. மச்சான் மாலையக் கழட்டி வெச்சுட்டு மேடையில உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருந்தாரு. திடீர்னு திரையில வெளிச்சம் வந்து, அவரு கொரலு. லோகு நிக்கலீன்னா நானும் நிக்கலீங்கன்னு."

"அப்புறம்?" என்றேன்.

"டம்ளரக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னாரு. திரைக்குக் கிட்டப் போயி நின்னே பாத்தாரு. முடிஞ்சதும் நிவேதாகிட்ட, மறுக்காப் போடுன்னாரு. மறுக்காவும் நின்னுட்டே பாத்தாரு. நங்கையா அழுவறாங்க. இப்ப எங்கிட்ட வந்து போனக் கேக்கறாரு. இந்தா."

போன் கை மாறுகிற சத்தம். பந்தியில் யாரோ ரசம் ரசம் என்று கூவுகிறார்கள்.

"லோகு."

ஆறு வருஷம். அதே குரல், கொஞ்சம் கட்டிப்போயிருக்கிறது.

"சொல்லுங்ணா."

"கடைசீல ஒண்ணு ஓடுச்சே."

"அது ஒதுக்கி வெச்சிருந்ததுங்ணா. எடுக்க மறந்துட்டேன்."

"நீ மறந்துட்டே."

"ஆமாங்ணா."

"பத்து வயசுல நான் ஒடைச்ச சிலேட்டுக்கு இன்னும் கணக்கு வெச்சிருக்கறவ. நீ மறந்துட்டே."

ரசம் ரசம் என்ற கூவல் போனுக்குப் பக்கமாக வந்து தாண்டிப் போயிற்று.

"நீங்க ஏங்ணா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொல்றதுக்கு அதுல என்ன இருக்குது. நீதானே நிக்கோணும். வேற யாரு நிப்பா."

சட்டென்று வேறு பேச்சுக்குப் போனான்.

"மாப்ள சொன்னாரு. இந்தப் படத்த வெட்டி வெட்டிக் கை வீங்கிக் கெடக்குதாமா. வலிக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பழக்கம்.

"வலிக்குதுங்ணா" என்றேன்.

"இத்தன வருசங் கழிச்சு இப்பச் சொல்றா பாரு" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அப்புறம் என்னிடம், "ஜிதின் காரை எடுத்துட்டுக் கெளம்பிட்டான். எங்க எலை இன்னும் போடல. நீ வந்தப்புறம் போட்டாப் போதும்."

காங்கேயத்திலிருந்து கார் வருவதற்குள் இதை எழுதிவிட்டேன். சேலை கட்டியாயிற்று. வலது கையால் கொசுவம் மடிக்க முடியவில்லை, பக்கத்து வீட்டம்மா வந்து மடித்துவிட்டுப் போனார். வாசலில் ஹாரன் சத்தம்.